முகத்திரைத் தடைச் சட்டங்கள்: நாம் வாதாட வேண்டிய முறை

(ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

காரைக்கால் வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பிரான்ஸ் வெறும் அயல்நாடு அன்று. 1954இல் நிர்வாகம் கைமாறி, 1962இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் இங்கே பலர் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்கிறார்கள். ஆகவே, அந்நாட்டில் முகத்திரை பற்றி ஒரு சட்டம் போடப்பட்டால் அது நமக்குப் பத்திரிகைச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மருமகளை அங்கே அனுப்பிவைக்கும் மாமியாருக்கும், பேத்தியைப் பார்க்கப் புறப்படும் பாட்டிக்கும் அது வீட்டு விஷயமாகிவிடுகிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் 'புர்கா' என்றாலும் 'பர்தா' என்றாலும் உடலை மறைக்கும் மேலங்கியைத்தான் பெரும்பாலும் குறிக்கிறோம். அதனால் 'பிரான்ஸில் புர்காவுக்குத் தடை' என்று செய்தி வந்தவுடன், அங்கே முக்காடு போட்டுக்கொண்டு தெருவில் நடக்கவே முடியாது என்று நம்மில் பலர் எண்ணிவிட்டார்கள். அது சரியன்று. அரசுப் பள்ளிகளில் மாணவியர் தலைமறைப்பு அணிவதைத் தடுத்தது 2004ஆம் ஆண்டுச் சட்டம். 2010ஆம் ஆண்டுச் சட்டமோ பொது இடங்களில் முகத்தை மறைப்பதைத் தடுக்கிறது. தலையை மறைத்து முகத்தைத் திறந்து வைத்திருக்கும் பெண்ணை இந்தச் சட்டம் தொடுவதில்லை. நான் இன்று பேசுவது இந்த இரண்டாவது சட்டத்தைப் பற்றி.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், அன்றைய குடியரசுத் தலைவர் சர்கோசி, வெர்சாயில் கூடிய நாடாளுமன்றக் கூட்டத்தில் பேசும்போது, இத்தகைய ஆடைக்குப் பிரெஞ்சு மண்ணில் வரவேற்பில்லை என்று அறிவித்தார். அந்த ஆண்டின் இறுதியில் அரசு போட்ட கணக்குப்படி, நாடு முழுவதிலும் முகத்தை மறைத்த பெண்கள் ஏறத்தாழ 1,900 பேர். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் இவ்வளவுதான். 2010 மார்ச்சில் அந்நாட்டின் அரசு ஆலோசனை மன்றமே, பொது இடம் முழுவதற்குமான தடைக்கு அசைக்க முடியாத சட்ட அடிப்படை கிடையாது என்று எச்சரித்தது. அதனைக் கேட்பார் இல்லை. ஜூலை மாதம் கீழவையில் 335 பேர் ஆதரித்து வாக்களித்தனர். எதிர்த்தவர் ஒரே ஒருவர். எதிர்க்கட்சியினர் பலர் வாக்களிப்பில் கலந்துகொள்ளவேயில்லை. மேலவையிலும் 246 பேருக்கு எதிராக ஒருவரே நின்றார். 2011 ஏப்ரல் 11 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றும் இருந்து வருகிறது.

சட்டத்தின் வாசகத்தில் 'இஸ்லாம்' என்ற சொல்லும் இல்லை. 'புர்கா' என்ற சொல்லும் இல்லை. முகத்தை மறைப்பது குற்றம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தலைக்கவசத்திற்கு விலக்கு, மருத்துவக் காரணத்திற்கு விலக்கு, விளையாட்டுக்கு விலக்கு, திருவிழாவுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் விலக்கு என்று வரிசையாகக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வெளியேறிய பிறகு உள்ளே எஞ்சி நிற்பவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? மீறும் பெண்ணுக்கு 150 யூரோ வரை அபராதம், அல்லது குடிமைப் பயிற்சி வகுப்பு, அல்லது இரண்டும். ஒருத்தியை வற்புறுத்தி முகத்தை மறைக்கச் செய்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும். வற்புறுத்தப்பட்டவர் சிறுமியானால் தண்டனை இரு மடங்கு.

இந்த இரண்டாவது பகுதியை நாம் எதிர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு பெண்ணை அச்சுறுத்தி எதையேனும் அணியச் செய்பவன் தண்டிக்கப்பட்டால் அதற்காக நாம் கண்ணீர் விட மாட்டோம். ஆனால் சட்டத்தின் முதல் பகுதியோடு இதனைச் சேர்த்துப் பாருங்கள். வற்புறுத்தப்பட்டு அணிந்தவள் என்றால் அவள் பாதிக்கப்பட்டவள். பாதிக்கப்பட்டவளுக்கு எதற்கு அபராதம்? விரும்பி அணிந்தவள் என்றால் அவளை யாரிடமிருந்து விடுவிக்கிறார்கள்? இந்த முடிச்சை அச்சட்டத்தை இயற்றியவர்கள் இன்றுவரை அவிழ்க்கவில்லை.

சகோதரர்களே! தடையை ஆதரிப்போர் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். பாதுகாப்பு ஒன்று, ஆண் பெண் சமத்துவம் இரண்டு, மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சேர்ந்து வாழ வேண்டும் என்பது மூன்று. இவற்றை ஏளனம் செய்து ஒதுக்குவது எளிது. ஆனால் ஏளனம் பதிலாகாது.

பாதுகாப்பை எடுத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் காண வேண்டிய தேவை இருக்கிறது என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. நம்முடைய ஃபிக்ஹு நூல்கள் இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேசி முடித்துவிட்டன. சாட்சியம் சொல்லும்போதும், கொடுக்கல் வாங்கலில் எதிராளி யாரென்று அறிய வேண்டியபோதும், மருத்துவத்தின்போதும், பெண் பேசும்போதும் முகத்தைப் பார்க்க அனுமதி உண்டு என்று இமாம்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். முகத்தை மறைப்பது கட்டாயம் என்று சொன்ன இமாம்களும் இந்த அனுமதியைத் தந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே விமான நிலையத்திலும், வங்கியிலும், நீதிமன்றத்திலும் ஓர் அதிகாரி முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டலாம். அதில் மார்க்கத்துக்கு இழுக்கு எதுவும் இல்லை. கேட்கும்போது காட்டச் சொல்லும் சட்டம் வேறு. எப்போதும் எங்கும் மறைக்கவே கூடாது என்னும் சட்டம் வேறு.

பாகிஸ்தான் வழிவந்த ஓர் இளம்பெண் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். தம்மை எவரும் வற்புறுத்தவில்லை என்றும், தாம் எல்லா நேரமும் நிகாப் அணிவதில்லை என்றும், சோதனைக்குக் கேட்டால் முகத்தைக் காட்டத் தயார் என்றும் அவர் சொன்னார். 2014 ஜூலை 1 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நம்மவர்கள் 'தோல்வி' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பாதுகாப்புக்காக இப்படி ஒட்டுமொத்தத் தடை தேவை என்னும் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சமத்துவத்தின் பெயரால், பெண்களே தங்கள் விருப்பம் என்று காத்து நிற்கும் ஒரு வழக்கத்தை அரசு தடுக்க முடியாது என்றும் கூறியது. மனித மாண்பு என்னும் வாதமும் அங்கே நிற்கவில்லை. எஞ்சியது 'சேர்ந்து வாழ்தல்' என்னும் ஒன்றே. அதன்மீது மட்டும் சாய்ந்து, 17 நீதிபதிகளில் 15 பேர் சட்டம் செல்லும் என்றனர். எதிர்த்து எழுதிய இருவரும் பெண் நீதிபதிகள். 'சேர்ந்து வாழ்தல்' என்பது தெளிவற்ற, எல்லையற்ற ஒரு கருத்து என்றும், விருப்பமில்லாத ஒருவரோடு பேசியே தீருவேன் என்னும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். அவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதை நான் சொல்லாமல் விடக்கூடாது. நமக்காக நீதியைப் பேசுவோர் பிறரிலும் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்ல நாம் கற்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபரில், ஐ.நா. மனித உரிமைக் குழு, அபராதம் விதிக்கப்பட்ட வேறு இரு பெண்களின் முறையீட்டை ஆராய்ந்து, பிரான்ஸ் அவர்களுடைய மதச் சுதந்திரத்தை மீறிவிட்டது என்று முடிவு கூறியது. இத்தடை பெண்களைக் காப்பதற்கு மாறாக வீட்டுக்குள் முடக்கிவிடும், பொதுச் சேவைகளிலிருந்து விலக்கிவிடும் என்பதும் அக்குழுவின் கவலை. அக்குழுவின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பைப் போல் நாட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. பிரான்ஸும் சட்டத்தை மாற்றவில்லை.

அந்தச் 'சேர்ந்து வாழ்தல்' வாதத்துக்கு என்ன ஆயிற்று என்பதை உலகமே பார்த்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மே மாதம் முதல் பிரான்ஸின் பேருந்திலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அணியாதவருக்கு 135 யூரோ அபராதம். நோயைத் தடுக்க அணிவதும் சமயத்துக்காக அணிவதும் ஒன்றல்ல என்பது உண்மையே. மருத்துவக் காரணத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது என்பதும் உண்மையே. ஆனால் வாயும் மூக்கும் மறைந்த முகங்களோடு ஒரு தேசம் மாதக்கணக்கில் கடைக்குப் போனது, பாடம் நடத்தியது, நீதி வழங்கியது, சேர்ந்துதான் வாழ்ந்தது. ஒரே பேருந்தில் மூடாத முகத்துக்கும் அபராதம், வேறொரு துணியால் மூடிய முகத்துக்கும் அபராதம் என்னும் நிலையைக் கண்டு சிரித்தவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு.

பிரான்ஸைத் தொடர்ந்து பெல்ஜியம் 2011இலும், ஆஸ்திரியா 2017இலும், டென்மார்க் 2018இலும் தடை போட்டன. நெதர்லாந்து 2019இல் பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் 2021 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுத்து, 51.2 விழுக்காட்டினர் ஆதரிக்க, 2025 ஜனவரி 1 முதல் தடை நடப்புக்கு வந்தது. அந்நாட்டில் முகத்திரை அணிவோர் சுமார் முப்பது பேர்தாம் என்று லூசர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கணித்திருந்தார். முப்பது பெண்களுக்காக ஒரு நாட்டின் அரசியலமைப்பே திருத்தப்பட்டது! இதில் பேசப்படுவது பாதுகாப்பும் அன்று, பெண்ணுரிமையும் அன்று. வந்து குடியேறியவர்களைப் பற்றிய அச்சம்தான் முகத்திரையின் மீது ஏறிப் பேசுகிறது என்று நான் கருதுகிறேன்.

பெண்ணின் ஆடையைக் களைவதை முன்னேற்றம் என்று காட்டுவது பிரான்ஸுக்குப் புதிதும் அன்று. 1958 மே மாதம், அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அல்ஜியர்ஸ் நகரத்துப் பொதுச் சதுக்கத்தில் முஸ்லிம் பெண்களின் திரையை மேடையில் விலக்கும் நிகழ்ச்சிகளைப் பிரெஞ்சு ராணுவத்தின் ஆதரவோடு நடத்தினார்கள். விளைவு என்ன? திரை, அதுவரை இல்லாத வகையில், எதிர்ப்பின் கொடியாகிவிட்டது.

இதுவரை நான் சொன்னவற்றைக் கேட்டுத் தலையசைத்தீர்கள். இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

அரசின் கை பெண்ணின் ஆடைமீது படுவது அநீதி என்றால், அது எந்தத் திசையில் இழுத்தாலும் அநீதிதான். ஈரானைப் பாருங்கள். 1936 ஜனவரியில் ரிஸா ஷா பெண்களின் திரையைத் தடை செய்தார். காவலர்கள் தெருவிலேயே சாதரைப் பறித்தார்கள். மானத்தைக் காக்க எத்தனையோ பெண்கள் வெளியே வருவதையே விட்டுவிட்டார்கள். 1941இல் அவர் ஆட்சியிழந்த பிறகே அந்தக் கெடுபிடி தளர்ந்தது. புரட்சிக்குப் பின், 1983இல், அதே நாட்டில் தலைமறைப்பு சட்டப்படிக் கட்டாயமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில், தலையை முறையாக மறைக்கவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட 22 வயதுப் பெண் உயிரிழந்தார். பாட்டியின் திரையைப் பறித்ததும் ஒரு காவலர். பேத்தியைத் திரைக்காகப் பிடித்ததும் ஒரு காவலர். அதே 2022இன் மே மாதம், ஆப்கானிஸ்தானில் பெண்கள் வெளியில் முகத்தை மறைக்க வேண்டும், மீறினால் வீட்டு ஆண்களுக்குத் தண்டனை என்று ஆணை வந்தது. பாரிஸ் நகரத்து அபராதத்தைக் கண்டு கொதிக்கும் நம் இளைஞர்களில் சிலர் இந்த ஆணையைக் கண்டு மகிழ்ந்தார்கள். மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்னும் இறைவசனத்தைப் பிரான்ஸுக்கு மட்டும் ஓதிக்காட்டி, காபூலுக்கு ஓதாமல் விடுவது எப்படி நேர்மையாகும்?

நாம் செய்யும் இன்னொரு பிழை, முகத்தை மறைப்பது எல்லா இமாம்களும் ஒருமித்துச் சொன்ன கட்டாயக் கடமை என்று மேடையில் முழங்குவது. அப்படியில்லை என்பது மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதியவருக்கும் தெரியும். ஹனஃபி மத்ஹபில் முகமும் கைகளும் மறைக்க வேண்டிய உறுப்பில் சேராதவை. குழப்பத்துக்கு அஞ்சி இளம்பெண்கள் மறைப்பது நன்று என்று பிற்காலத்தவர் சொன்னார்கள். ஷாஃபிஈ அறிஞர்களில் பிற்காலத்தவர் பலர் அந்நிய ஆடவர் முன் முகத்தையும் மறைக்கச் சொன்னார்கள். அதே மத்ஹபில் மற்றொரு கருத்தும் இருக்கிறது. ஹன்பலிகளில் மறைப்பது கட்டாயம் என்போர் வலுவாக உண்டு. தொழுகையிலோ பெண்ணின் முகம் திறந்திருக்கிறது. இஹ்ராமில் நிகாப் அணிவதை நபி (ஸல்) அவர்களே தடுத்திருக்கிறார்கள். அல்அஸ்ஹரின் தலைவராயிருந்த தந்தாவி அவர்கள் 2009இல் ஒரு பள்ளி மாணவியை முகத்திரையை எடுக்கச் சொன்னதும், பெண்கள் மட்டுமே உள்ள வகுப்பறைகளில் நிகாப் வேண்டாம் என்று அல்அஸ்ஹர் முடிவு செய்ததும் ஐரோப்பிய நாளேடுகளிலெல்லாம் வந்தன. நாம் 'ஏகோபித்த கடமை' என்றால், எதிர்த்தரப்பார் இந்தச் செய்தியை எடுத்து மேசைமீது வைப்பார்கள். நம்மிடம் பதில் இருக்காது.

'கருத்து வேறுபாடு உள்ள விஷயம் என்றால் தடை செய்தால் என்ன?' என்று அவர்கள் கேட்கக்கூடும். அதற்குப் பதில் உண்டு. ஒரு பெண் ஒரு வணக்கத்தைக் கடமை என்று நம்பிச் செய்கிறாளா, கூடுதல் நன்மை என்று நம்பிச் செய்கிறாளா என்பதை நிறுத்துப் பார்ப்பது அரசின் வேலை அன்று. பிறருக்குத் தீங்கில்லாதவரை இரண்டும் அவளுடைய உரிமைக்குள் அடங்குபவை. பிரான்ஸின் முஸ்லிம் மன்றத்தினர் எடுத்த நிலையும் ஏறத்தாழ இதுவே: முகத்திரை மார்க்கக் கட்டளை என்று நாங்கள் சொல்லவில்லை, ஆயினும் பொதுத் தடை கூடாது என்றார்கள். இதுவே நேர்மையான வாதம். ஆகவே வலிமையான வாதமும்கூட.

இலங்கையில் வாழும் நம் தமிழ் பேசும் சகோதரர்களின் அனுபவத்தையும் நினைக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த கொடூரத் தாக்குதல்களில் அப்பாவிகள் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களிலேயே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, சூழ்நிலை கருதி முகத்தை மறைக்க வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் அவசரகால விதியின் கீழ் அரசும் தடை போட்டது. ஆகஸ்டில் அவசரநிலை முடிந்தபோது அதுவும் முடிந்தது. அச்சம் சூழ்ந்த நேரத்தில் அண்டை வீட்டாரின் மனத்தை எண்ணி விட்டுக்கொடுத்த உலமாக்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாள்களில், முகத்தைத் திறந்து வெறும் முக்காடு அணிந்திருந்த பெண்களும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தடுக்கப்பட்டார்கள். சட்டம் முகத்தோடு நின்றது; சட்டத்தைப் பார்த்துத் துணிவு கொண்டவர்கள் தலைவரை வந்தார்கள். ஐரோப்பாவில் வாழும் நம் பெண்கள் அஞ்சுவதும் இதைத்தான்.

நம் வீடுகளுக்கு வருவோம். நம் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். கறுப்பு நிகாப் பெரும்பாலும் வளைகுடாப் பயணத்தோடு வந்தது. அதில் குறை காணவில்லை. காலந்தோறும் துணி மாறும். ஆனால் முகத்தைத் திறந்து பழகிய பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு, நிக்காஹ் முடிந்த மறுவாரமே நிகாப் போட்டாக வேண்டும் என்று கணவன் கட்டளையிடுவதும், விரும்பி நிகாப் அணிந்து வளர்ந்த பெண்ணை, 'எங்கள் வீட்டுக்கு இது ஒத்துவராது' என்று மாமனார் கழற்றச் சொல்வதும் நம்மிடையே நடக்கின்றன. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? சூரத்துன் நூரில், பெண்களின் ஆடையைப் பற்றிச் சொல்லும் முன்பே, ஆண்கள் தங்கள் பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிட்டுவிட்டான். முதல் வசனத்தை விட்டுவிட்டு இரண்டாவது வசனத்திலிருந்து ஓதத் தொடங்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ!

இறுதியாக, பிரான்ஸ் செல்வோருக்கும் அங்கே உறவினர் உள்ளோருக்கும் சில செய்திகள். உங்கள் சொந்த வீடும் சொந்த வாகனமும் இந்தச் சட்டத்தில் வரமாட்டா. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டுத் தலங்களுக்குத் தடை பொருந்தாது என்று அரசியலமைப்பு மன்றம் 2010இலேயே கூறிவிட்டது. எனவே பள்ளிவாசலுக்குள் எவரும் தடுக்க முடியாது. முகத்திரையைப் பலவந்தமாகக் கழற்றும் அதிகாரத்தை இச்சட்டம் எந்த அலுவலருக்கும் கொடுக்கவில்லை என்று அந்நாட்டுப் பிரதமரின் 2011 மார்ச் சுற்றறிக்கையே சொல்கிறது. வழிப்போக்கனோ கடைக்காரனோ கைவைத்தால் அது தாக்குதல், புகார் கொடுக்கலாம். காவலர் அடையாளம் கேட்டால் முகத்தைக் காட்டி, அபராதச் சீட்டு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அபராதத்தைக் கட்ட ரஷீத் நெக்காஸ் என்னும் தொழிலதிபர் 10 லட்சம் யூரோ நிதியே அறிவித்திருந்தார். பணம் இதில் பெரிய சிக்கல் அன்று. சிக்கல், உடன் வரும் ஆண்கள் கோபத்தில் கைநீட்டுவதில்தான். 2013 ஜூலையில் பாரிஸை அடுத்த த்ராப் நகரில் ஒரு பெண்ணிடம் நடந்த இத்தகைய சோதனை கைகலப்பாகி, காவல் நிலையத்தைச் சுற்றிக் கலவரமாக முடிந்தது. காவலரைத் தாக்கியதாக வழக்கு வந்தது அவருடைய கணவர் மீது. ஆகவே மனைவியோடும் சகோதரியோடும் அங்கே தெருவில் நடக்கும் ஆண்கள் நாவையும் கையையும் அடக்கிக்கொண்டு, சீட்டில் உள்ள தேதியையும் இடத்தையும் குறித்து வைத்து, அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.